ஹால் சுவரில் மோல்டிங் சட்டங்கள்: பின்னால் குளியலறை, குறுக்கே சுவிட்ச் போர்டு. எப்படி அமைப்பது?

புதுவீடு கேட்டது:

வணக்கம். சென்னையில் தரைத்தள ஃபிளாட். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் வரும் சுவரை மோல்டிங் (அலங்காரப் பட்டை) வைத்துச் சட்டம் சட்டமாகப் பிரிக்க வேண்டும். சுவரும் மோல்டிங்கும் ஒரே நிறம். இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு சேர் ரெயில், அதன் மேலே உயரமான சட்டங்கள், கீழே குட்டையான சட்டங்கள். இதுதான் திட்டம்.

அளவுகள்: சுவர் நீளம் 14 அடி, டேப்பில் 4267 மி.மீ. தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை 2900 மி.மீ. சீலிங் இடமிருந்து வலமாக 12 மி.மீ. இறங்குகிறது. கீழே 100 மி.மீ. டைல் ஸ்கர்ட்டிங் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. 8 மாட்யூல் சுவிட்ச் போர்டு ஒன்று, இடது மூலையிலிருந்து 750 மி.மீ.-இல் தொடங்கி 970-இல் முடிகிறது. அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1200. சோபாவுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட், சுவரின் நடுவில், 300 உயரத்தில். இது நாலரை அங்குலச் சுவர், பின்பக்கம் குளியலறை.

சமமாக 5 சட்டம் போடலாம், எம்.டி.எஃப். மோல்டிங் போதும், 8 அடி லெங்த் 16 வாங்கிவிடுங்கள் என்கிறார் ஆசாரி. வீடியோக்களில் எல்லோரும் துப்பாக்கி ஆணி அடித்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். எனக்குள்ள கேள்விகள்: எந்தப் பொருள் வாங்குவது? போர்டை என்ன செய்வது? 16 லெங்த் போதுமா? ஆணியா, பசையா?

---

ரசமட்டம் பதில்:

பொருளுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள். குளியலறையை முதுகில் சுமக்கும் நாலரை அங்குலச் சுவரில் எம்.டி.எஃப். வைக்கவே கூடாது. அது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. முகத்தில் பிரைமர் பூசி விற்பார்கள், முதுகு பச்சையாக இருக்கும். ஓதம் முதுகு வழியாக ஏறும். முதலில் 45 டிகிரி மூலைகள் லேசாக வாய் திறக்கும், பிறகு விளிம்பு உப்பும். உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் பஞ்சாகும்.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குளியலறைக் குழாய், ஷவர் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஒன்று, ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு சாண் மேலே ஒன்று. 48 மணி நேரம் விடுங்கள். அந்த 2 நாளும் குளியலறையை வழக்கம்போல் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை. தாளின் உள்முகத்தில் நீர்முத்து இருந்தால் சுவர் கசிகிறது. வெளிமுகத்தில் மட்டும் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், கவலை வேண்டாம். பெயின்ட் கொப்புளமோ வெள்ளையாக உப்புப் பூத்ததோ கண்ணில் பட்டால் சோதனையே தேவையில்லை, கசிவு உறுதி.

கசிவு இருந்தால் குளியலறை டைல் இடுக்குகளையும் தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூட்டையும் சரிசெய்து, சுவர் காய வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். செங்கல் அவசரப்படுத்தினால் காயாது. ஈரச் சுவரில் பசை நிற்காது, பெயின்டும் நிற்காது.

தரைத்தளம் என்பதால் கரையானையும் பாருங்கள். ஸ்கர்ட்டிங் இடுக்கு, கதவு நிலையின் அடி, குளியலறைக் கதவின் பின்புறம், இந்த மூன்றிலும் மண்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். இருந்தால் தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளையிட்டு மருந்து செலுத்திய பிறகுதான் அலங்காரம். கட்டி முடித்த வீடுகளுக்கான முறை ஐ.எஸ். 6313 தரத்தின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. மருந்து அடிக்க வருபவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, பெயின்ட் அடிக்கப் போகும் சட்டங்களுக்குப் பாலிஸ்டைரீன் மோல்டிங் எடுங்கள். கடையில் பி.எஸ். மோல்டிங் என்று கேட்டால் தருவார்கள். தண்ணீருக்கு உப்பாது, கரையானுக்கு இரையாகாது, எடையும் இல்லை. அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று கரைப்பான். கடுமையான வாடை வரும் மஞ்சள் ரப்பர் பசையோ தின்னர் கலந்த பெயின்டோ பட்டால் அது உருகிக் குழியும். பசை எதுவானாலும் ஒரு துண்டில் தடவி ஓர் இரவு வைத்துப் பார்த்த பின்பே சுவரில் கை வைக்க வேண்டும். மற்றது நெருப்பு. விளக்கு ஏற்றும் மாடத்துக்கு அருகில் இதை ஒட்டாதீர்கள்.

ஆணி விஷயம். அந்த வீடியோக்களில் வரும் வீடுகள் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தவை. ஆணி பலகையைத் தாண்டி மரத்தைப் பிடிக்கும். நம் சுவர் சிமென்ட் பூச்சு. மெல்லிய ஆணி பூச்சில் மோதி வளையும், இல்லாவிட்டால் பூச்சு சில்லு சில்லாகத் தெறிக்கும். இங்கே சட்டங்களைப் பசை தாங்க வேண்டும், சேர் ரெயிலைத் திருகாணி தாங்க வேண்டும்.

---

அளவுநாடா பதில்:

போர்டு விஷயத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். சமமாக 5 சட்டம், இடைவெளி 100 என்றால் சட்டத்தின் அகலம் (4267 − 600) ÷ 5 = 733. முதல் சட்டம் 100-இல் தொடங்கி 833-இல் முடியும், இரண்டாவது 933-இல் தொடங்கும். உங்கள் போர்டு 750 முதல் 970 வரை. முதல் சட்டத்தின் வலது கால் (நிற்கும் துண்டு), இடைவெளி, இரண்டாவதின் இடது கால், மூன்றின் மேலும் அது உட்காருகிறது. இதைவிட மோசமான இடம் அந்தச் சுவரில் இல்லை. மோல்டிங்கைப் போர்டுக்காக வெட்டி ஒதுக்கினால் எவ்வளவு நல்ல வேலையானாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

போர்டை நகர்த்தச் சொல்வார்கள். 400 மி.மீ. நகர்த்துவது கேட்கச் சின்ன வேலை. ஆனால் பைப் சீலிங்கிலிருந்து நேராக இறங்கியிருக்கும், பக்கவாட்டில் போக வயர் நீளம் போதாது. சுவருக்குள் வயரை முடிச்சுப் போட்டு நீட்டிப் பூசி மூடுவது ஆபத்து. முறையாகச் செய்தால் மேலிருந்தே வயரைப் புதிதாக இழுக்க வேண்டும்.

சட்டத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஓரத்துச் சட்டங்கள் இரண்டையும் 480 ஆகக் குறுக்குங்கள். நடு மூன்றும் (4267 − 600 − 960) ÷ 3 = 902. இப்போது இடமிருந்து வலமாக: 100–580, 680–1582, 1682–2584, 2684–3586, 3686–4166. போர்டு இரண்டாவது சட்டத்துக்குள் முழுசாக வந்துவிட்டது, காலிலிருந்து 70 மி.மீ. தள்ளி. சட்டத்தின் நடுவில் இல்லைதான், ஆனால் எந்தக் கோட்டையும் வெட்டவில்லை. பிளக் பாயின்ட் மூன்றாவது சட்டத்தின் நட்டநடுவில் விழுகிறது, அது அதிர்ஷ்டம். ஓரம் குறுகி நடு அகன்றால் சோபாவின் பின்னால் பார்க்கவும் அடக்கமாக இருக்கும்.

உயரம்: ஸ்கர்ட்டிங் 100-இல் முடிகிறது. கீழ்ச்சட்டம் 200 முதல் 800 வரை. சேர் ரெயில் 50 மி.மீ. அகலம் என்று வைத்தால் 900 முதல் 950. மேல்சட்டம் 1050-இல் தொடங்கும். மேலே, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தை மறைக்க, 100 மி.மீ. கார்னிஸ் பட்டை வந்தால் அது 2800-இல் நிற்கும். கணக்குப்படி மேல்சட்டத்தை 2700 வரை ஏற்றலாம், ஏற்றாதீர்கள். 2670-இல் நிறுத்துங்கள், 1620 உயரம் போதும். உங்கள் சீலிங் 12 மி.மீ. சரிகிறது. கார்னிஸ் சீலிங்கோடுதான் ஓடும், சட்டங்கள் மட்டத்தில்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அந்தச் சரிவை விழுங்க வேண்டும். இடைவெளி 130 இருந்தால் ஒரு கோடியில் 118 ஆவது தெரியாது. இடைவெளி குறையக் குறையக் கோணல் பளிச்சென்று தெரியும்.

லெங்த் கணக்கு. துண்டுகள் இவை: 1620 பத்து, 600 பத்து, 902 பன்னிரண்டு, 480 எட்டு. மொத்தம் 36,864 மி.மீ. ஒரு லெங்த் 2400. வகுத்தால் 15.36. ஆசாரி 16 என்று சொன்னது இப்படி மொத்த நீளத்தை வகுத்துப் போட்ட கணக்காகத்தான் இருக்கும். வெட்டும்போது அது வராது.

ஒரு லெங்த்தில் 1620 + 600. இப்படிப் பத்து லெங்த்தில் நிற்கும் கால்கள் எல்லாம் முடிந்தன. அடுத்து 902 + 902 + 480. இப்படி ஆறு லெங்த். மீதி இரண்டு 480-க்கு ஒரு லெங்த். ஆக 17. உடைசலுக்கும் தவறான வெட்டுக்கும் 2 சேர்த்து 19 வாங்குங்கள்.

வெட்டும் வரிசை தப்பினால் என்ன ஆகும் பாருங்கள். 1620 வெட்டியதும் மிஞ்சும் 780-இல் அவசரத்துக்கு எட்டு 480-ஐயும் எடுத்துவிட்டால், பிறகு 902 இரண்டு எடுத்த லெங்த்தில் 596 மிஞ்சும். உங்களுக்கு வேண்டியது 600. 4 மி.மீ. குறையால் அந்தத் துண்டு ஒவ்வொன்றும் குப்பைக்குப் போகும். முழு லெங்த்திலும் 600 நான்கு வராது, ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும், மூன்றுதான் வரும். கடைசியில் 19 லெங்த்தும் வேலைக்கே போய்விடும், கையில் உபரி இருக்காது. ஆகவே ரம்பத்தைத் தொடுவதற்கு முன் இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். பின்னால் போய் ஒன்று வாங்கினால் அதே எண் எழுதியிருந்தாலும் அச்சு அரை மி.மீ. மாறலாம். மூலையில் அந்த அரை மி.மீ. படியாகத் தெரியும்.

---

புதுவீடு:

மிக்க நன்றி. பாலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். ஷவருக்குப் பின்னால் காய்ந்திருந்தது. கீழே ஒட்டியதிலும் உள்ளே ஈரம் இல்லை, வெளியே மட்டும் கொஞ்சம். மண்கோடும் இல்லை. 480 – 902 அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். சேர் ரெயில் மட்டும் தேக்கில் இயற்கை நிறத்தில் விட ஆசை. அது சரிவருமா? ஒட்டும் முறையையும் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

---

உளிச்சத்தம் பதில்:

தாராளமா வைங்க. சோபாவும் நாற்காலியும் இடிக்கிற உயரம் அதுதான். சேர் ரெயில் பொறந்ததே நாற்காலி முதுகு சுவரைக் கீறாம இருக்கத்தான். அந்த இடத்துல பி.எஸ். மோல்டிங் வெச்சா நகம் பட்டாலே பள்ளம் விழும். தேக்கு தாங்கும்.

மரக்கடையில வைரம் பாய்ஞ்ச பகுதியா, அதாவது நடுவுல இருக்கிற கெட்டி மரமாப் பாத்து எடுங்க. வெளுத்த ஓரம் இருந்தா வேண்டாம்னுடுங்க. தேக்குங்கிற பேரு வைரத்துக்குத்தான் பொருந்தும், வெள்ளைப் பகுதியை வண்டு உளுக்க வெச்சிரும். காரைக்குடிப் பக்கத்து வீடுகள்ல பர்மாத் தேக்கு நிலைகளும் தூண்களும் இன்னைக்கும் கெட்டியா நிக்குதுன்னா அது அத்தனையும் வைரக் கட்டை. 50 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம் போதும். மேல் விளிம்பை மட்டும் லேசா உருட்டிருங்க, தூசி துடைக்கச் சுலபம். 14 அடிக்கு ஒரே துண்டு கிடைச்சா அதைவிட நல்லது இல்லை. கிடைக்கலைன்னா ரெண்டு துண்டை நேரா முட்ட வைக்காதீங்க, 45 டிகிரியில சாய்ச்சு வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி சேருங்க. அப்ப லேசா சுருங்கினாலும் சுவர் தெரியாது. அந்த மூட்டு சோபாவுக்குப் பின்னால வர்ற மாதிரி பாத்துக்கங்க.

தேக்குல எண்ணெய் இருக்கு. வெட்டின முகத்தை ஒட்டறதுக்குச் சற்று முன்னால துணியில தின்னர் தொட்டுத் துடைச்சிட்டு உடனே பசை வைங்க. நேத்து துடைச்சது இன்னைக்கு உதவாது, எண்ணெய் திரும்பி மேல வந்துரும்.

ரெயில் பொருத்தறது இப்படிங்க. ஓரத்துல 80 மி.மீ. விட்டு, சுமார் 590-க்கு ஒண்ணா 8 திருகாணி. மரத்துல 10 மி.மீ. பிட்டால 8 மி.மீ. ஆழம் குடைஞ்சு, அதுக்குள்ள திருகாணித் தலை இறங்கணும். சுவர்ல 6 மி.மீ. துளை, 35 மி.மீ. ராவல் பிளக் (திருகாணி பிடிக்கத் துளைக்குள்ள செருகற குழல்), 50 மி.மீ. திருகாணி. துளை ஆழம் 40-க்கு மேல போகக் கூடாது. இதை மட்டும் தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க. பின்னால குளியலறை. நாலரை அங்குலச் சுவர்ல அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிப் பதிச்ச தண்ணிக் குழாய் உள்ளேயேதான் போகும். டிரில் பிட்டுல 40 மி.மீ.-க்கு இன்சுலேஷன் டேப் சுத்தி அடையாளம் வெச்சுக்கங்க, டேப் சுவரைத் தொட்டா நிறுத்திருங்க. துளைபோடற இடத்துக்கு நேர் பின்னால குளியலறையில என்ன இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வந்தே ஆரம்பிங்க. குழாயோ மிக்சரோ இருந்தா துளையை ஒரு ஜாண் நகர்த்துங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழ, நேர் மேலயும் துளை வேண்டாம், அந்தக் கோட்டுல வயர் பைப் இருக்கும். பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலயும் அப்படித்தான்.

திருகாணிக் குழியை அதே தேக்குல செஞ்ச முளை வெச்சு அடைங்க. முளையோட ரேகை ரெயிலோட ரேகைக்கு இணையா இருக்கணும். காய்ஞ்சதும் உளியால சீவி உப்புத்தாள் போட்டா முளை இருக்கிற இடமே கண்டுபிடிக்க முடியாது.

இனி சட்டம். மைட்டர் ரம்பத்துல (கோணம் வெச்சு வெட்டற ரம்பம்) 10 அங்குல பிளேடுன்னா 80 பல் போடுங்க. 40 பல் பிளேடு மோல்டிங்கோட முகத்தைப் பிய்க்கும். மெஷின் இல்லைன்னா மைட்டர் பெட்டியும் நுண்பல் கைரம்பமும் போதும், பி.எஸ். மோல்டிங் வெண்ணெய் மாதிரி வெட்டும். நேரெதிர்த் துண்டு ரெண்டையும் தனித்தனியா டேப் வெச்சு அளக்காதீங்க. ரம்ப மேசையில ஒரு கட்டையைத் தடுப்பாத் திருகி வெச்சு, அதுல முட்டி முட்டி வெட்டுங்க. ரெண்டும் மயிரிழை பிசகாது. இங்கதான் பாதிப் பேர் தப்புறாங்க. மூலை சேரலைன்னா 45 டிகிரியைச் சந்தேகப்படுவாங்க. கோணம் சரியாத்தான் இருக்கும், எதிரெதிர்த் துண்டு ரெண்டும் 1 மி.மீ. வித்தியாசமா இருக்கும்.

சட்டத்தைத் தரையில வெச்சே நாலு மூலையும் ஒட்டிருங்க, பி.எஸ்.-க்குன்னே விக்கிற மூட்டுப் பசை இருக்கு. மூலைமட்டம் வெச்சுப் பாருங்க, பிறகு குறுக்கு அளவு ரெண்டையும் பாருங்க. 902 × 1620 சட்டத்துக்கு ரெண்டு குறுக்கும் 1854 வரணும். 480 × 1620-க்கு 1690. கீழ 902 × 600-க்கு 1083. ரெண்டு குறுக்கும் சமமா இல்லைன்னா சட்டம் சாஞ்சிருக்கு, பசை இறுகறதுக்குள்ள தள்ளிச் சரிபண்ணுங்க.

ஒரு கருத்து வேறுபாடு. ரசமட்டம் சொன்ன பி.எஸ். உங்க சுவருக்குச் சரிதான். ஆனா படிக்கிற மத்தவங்க எல்லாச் சுவருக்கும் அதையே எடுத்துக்க வேண்டாம். மாடியில, காய்ஞ்ச உள்சுவர்ல, மரத்துல இழைச்ச மோல்டிங்குக்கு இருக்கிற கூர்மை பிளாஸ்டிக்ல வராது. நிழல் விழற பள்ளம் மரத்துல கத்தி மாதிரி நிக்கும். பைன் எடுத்தா முடிச்சு இருக்கிற இடத்துல அரக்கு சீலர் ஒரு கை பூசிட்டுப் பெயின்ட் அடிக்கணும், இல்லைன்னா கொஞ்ச நாள்ல மஞ்சளா ஊறி வெளிய வரும்.

---

ரசமட்டம்:

ஒப்புக்கொள்கிறேன், காய்ந்த சுவருக்கு மரம்தான். நான் சொன்னது இந்தச் சுவருக்கு.

சுவரில் ஏற்றும் முறையையும் சேர்த்துவிடுகிறேன். 6 அடி முழக்கோலைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். கோலுக்கும் சுவருக்கும் நடுவில் 3 மி.மீ.-க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்புங்கள். பள்ளத்தின் மேல் மோல்டிங்கை அமுக்கி ஒட்டினால் அது வில்லாக வளைந்து, இரண்டு நாளில் நடுவில் எழும்பிக்கொள்ளும்.

பசை பிடிப்பது பெயின்டை, சுவரை அல்ல. பழைய பெயின்டில் கையைத் தேய்த்தால் மாவு ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் சட்டம் வரும் கோட்டில் மட்டும் 25 மி.மீ. அகலத்துக்குச் சுரண்டி, தூசி துடைத்து, பிரைமர் ஒரு கோட் கொடுங்கள். மோல்டிங் கீழே விழுந்த இடங்களில் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பசையோடு பெயின்டும் பட்டியும் சேர்ந்து உரிந்து வந்திருக்கும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தரையிலிருந்து உயரத்தை ஒவ்வோர் இடத்திலும் அளக்காதீர்கள், தரையே சரிவாக இருக்கும். ஓரிடத்தில் 900 குறித்து, லேசர் அல்லது மட்டக்குழாய் கொண்டு மறுகோடி வரை கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் ரெயில் முதலில் ஏறட்டும். பிறகு 100 மி.மீ. அகலத்தில் இரண்டு பிளைவுட் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ரெயிலின் மேல் துண்டை வைத்து அதன்மேல் மேல்சட்டம், ரெயிலின் கீழ் துண்டை முட்டி அதன்கீழ் கீழ்ச்சட்டம். நடுச் சட்டத்தில் தொடங்கி இருபுறமும் விலகிப் போங்கள். இடமிருந்து தொடங்கினால் சேர்ந்து வரும் பிசகு முழுதும் வலது மூலையில் போய்க் குவியும். அங்கே 100 இருக்க வேண்டிய இடத்தில் 92 இருக்கும்.

பசை 300 மி.லி. குழல். 5 மி.மீ. பருமனில் ஒரே கோடாக இழுத்தால் ஒன்று 15 மீட்டருக்கு வரும். சட்டங்கள் 37 மீட்டர், ரெயிலுக்கு இரண்டு கோடாக எட்டரை மீட்டர். மூன்று சரியாகத் தீரும், 4 வாங்குங்கள். கரைப்பான் இல்லாத கட்டுமானப் பசை என்று கேளுங்கள். விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளிக் கோடு இழுத்தால் அமுக்கும்போது வெளியே பிதுங்காது. 300-க்கு ஒன்றாக மாஸ்கிங் டேப் ஒட்டி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

---

மூணாவதுகோட் பதில்:

பெயின்ட் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். இந்த வேலை எடுப்பாக இருக்குமா இல்லையா என்பது மோல்டிங்கும் சுவரும் சேரும் அந்த மயிரிழை இடுக்கில்தான் இருக்கிறது. அதை அடைக்காமல் அடித்தால் ஒவ்வொரு சட்டத்தைச் சுற்றியும் கருப்புக் கோடு தெரியும், ஒட்டவைத்தது என்று காட்டிக்கொடுக்கும். அடைத்துவிட்டால் சட்டம் சுவரிலேயே வார்த்த மாதிரி நிற்கும்.

அடைக்க வேண்டியது அக்ரிலிக் சீலண்ட். சிலிகானைக் கையிலேயே எடுக்காதீர்கள். சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது, முத்து முத்தாக உருண்டு விலகும். ஒருமுறை பட்டுவிட்டால் துடைத்தாலும் அதன் பிசுக்கு போகாது. குழல் மூக்கைச் சாய்வாக 3 மி.மீ. துளை வருமாறு வெட்டி, மெல்லிய கோடாக இழுத்து, ஈர விரலால் ஒரே இழுப்பில் நீவுங்கள். சட்டத்தின் உள், வெளி விளிம்புகள் இரண்டும் சேர்த்து 74 மீட்டர் வருகிறது, இரண்டு குழல் வேண்டும். ஒரு மீட்டர் இழுத்து நீவிய பிறகு அடுத்த மீட்டர். மொத்தமாக இழுத்துவைத்தால் தோல் பிடித்துக் கிழியும்.

மூலை மூட்டுகளுக்கு வெள்ளைச் சிமென்ட் பட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் அதற்குப் பிடிப்பு இல்லை, மயிர்க்கோடு விடும். அக்ரிலிக் பட்டி வைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளை விரலில் சுற்றி அச்சின் போக்கிலேயே தேயுங்கள். பி.எஸ். மோல்டிங்கின் வழவழப்பும் அதே தாளில் லேசாக மங்க வேண்டும், அப்போதுதான் பிரைமர் கடிக்கும்.

நீரில் கரையும் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். முதலில் ஒன்றரை அங்குல பிரஷ்ஷால் மோல்டிங்கை முடித்து, உடனே 4 அங்குல ரோலரால் சட்டத்தின் உட்புறம். சட்டத்தின் உள்மூலை நான்கிலும் பெயின்ட் தேங்கும். ஒவ்வொரு சட்டம் முடித்ததும் வெறும் பிரஷ்ஷால் மூலையை ஒரு தடவை வழித்துவிடுங்கள். தேங்கி இறுகினால் கூர்மையான மூலை உருண்டையாகிவிடும். ஜன்னல் ஒளி சுவரில் சாய்வாக விழுமானால் பளபளப்பு அதிகமான பெயின்ட் வேண்டாம். பூச்சின் மேடு பள்ளம் எல்லாம் அதில் தெரியும். மங்கலான, கழுவக்கூடிய எமல்ஷன் எடுங்கள்.

தேக்கு ரெயிலைச் சுவரில் ஏற்றும் முன்பே பாலிஷ் போட்டுவிடுங்கள். 120, 180, 240 என்று உப்புத்தாள், சீலர் இரண்டு கோட், நடுவில் 320, பிறகு மேல்பூச்சு. முதுகிலும் ஒரு கோட் சீலர் கட்டாயம், ஓதம் ஏறினால் மரம் முறுக்கும். முளை வைத்த இடங்களை மட்டும் பின்னால் தொட்டுவிடலாம். மழை பெய்யும் நாளில் லாக்கர் (தின்னர் கலந்த மேல்பூச்சு) அடிக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பால் சிந்திய மாதிரி வெளுக்கும். சுவர் பெயின்ட் அடிக்கும்போது ரெயில் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசிக் கோட் முழுசாகக் காய்வதற்குள் டேப்பை உரியுங்கள்.

---

புதுவீடு:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கார்னிஸை அறை முழுக்க ஓட்டலாமா, இந்த ஒரு சுவரில் மட்டுமா? அறை 14 × 11 அடி.

---

அளவுநாடா:

முழுக்க ஓட்டுங்கள். ஒரு சுவரில் மட்டும் ஓட்டி மூலையில் அறுத்து நிறுத்தினால் வெட்டுமுகம் தெரியும். பாலியூரிதேன் கார்னிஸ் 7 லெங்த் போதும்: நீளச் சுவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, குறுகிய சுவர் முதலாவதுக்கு 2400 + 953, அதில் மிஞ்சும் 1447-இலிருந்தே மற்றச் சுவருக்கான 953-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

கார்னிஸை வெட்டும்போது தலைகீழாக வைக்க வேண்டும். சீலிங்கைத் தொடும் முகம் மைட்டர் பெட்டியின் தரையில், சுவரைத் தொடும் முகம் பெட்டியின் பின்சுவரில். முதல் மூலையை வெட்டும் முன் ஓரடித் துண்டு இரண்டில் வெட்டி, மூலையில் பிடித்துப் பாருங்கள். அறை மூலை 90 டிகிரி இருக்காது, 88-ஓ 91-ஓ இருக்கும். அந்தக் கோணத்தில் பாதிதான் ஒவ்வொரு வெட்டும்.

ஃபால்ஸ் சீலிங்கோடு சேரும் விளிம்பிலும் அதே அக்ரிலிக் சீலண்ட்தான், பட்டி வேண்டாம். ஜிப்சம் பலகை அசைந்துகொண்டே இருக்கும், பட்டி அங்கே ஒரு வருடம்கூடத் தாங்காமல் கீறல் விடும்.

---

உளிச்சத்தம்:

கார்னிஸை முதல்ல ஏத்திருங்க, சட்டம் அப்புறம். ஏணியும் ஆளும் ஒட்டின சட்டத்து மேல சாய வேண்டாம்.

போர்டு மூடியை ரெயில் ஏத்தற அன்னைக்கே கழட்டி வெச்சிருங்க. மெயினை அணைச்சிட்டு.